செம்மண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி

காலை ஏழு மணி இருபது நிமிடம். முதலில் தெரிந்தது மேகம். நீர்வேலித் தோட்ட வெளியின் மேற்கில், அடி தட்டையாகவும் தலை குவிந்தும், உலை கொதித்துப் பொங்கியதுபோல் நின்றது. அதன் கீழே இரட்டைப் பனை. பனைக்குப் பக்கத்தில், கிணற்றுப் பம்பு வைக்கும் ஓடு போட்ட பம்பறை. அதற்கும் கீழே, வாழை வெட்டி உழுது போட்டிருந்த நிலம். நிலத்தை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். சரியாகச் சொன்னால், பார்க்கவே இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் முப்பத்தொரு ஆண்டுகள் படம் பிடித்து ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் ஒரு பத்திரிகையாளர், வயதில் என் மகளைவிட இளையவர், பழைய பிலிம் கமரா ஒன்றை வாங்கிவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார். கடைக்காரர் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நான்கு ஃபில்டர் காட்டுகிறாராம். கறுப்பு வெள்ளையில் நிலக்காட்சி எடுக்க எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

ஃபில்டர் என்பதை எங்கள் அலுவலகத்தில் கண்ணாடி என்றே சொல்வோம். லென்சின் முன்னால் திருகிப் பூட்டும் நிறக் கண்ணாடி. அதன் விதி ஒன்றுதான்: தன் நிறத்தை வெளுப்பாக்கும், தனக்கு எதிரான நிறத்தைக் கறுப்பாக்கும். மஞ்சள் போட்டால் வானம் ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் வரும். செம்மஞ்சள் தூரத்துப் புகைமூட்டத்தை வெட்டும். கடல்நீரேரி ஓரங்களில் உதவும். பச்சை, இலைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும். சிவப்பு, நீல வானத்தைக் கரியாக்கி மேகத்தை வெள்ளி போல எடுத்துக் கொடுக்கும். இளவயதில் சிவப்பைத் தவிர வேறு கண்ணாடி எனக்குத் தேவைப்படவில்லை.

சிவப்பு எதைக் கெடுக்கும் என்று முதலில் தெரிந்தது அளவெட்டியில். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. ஒரு கோயிலின் தேர்த் திருவிழா. வானம் நன்றாக இருந்ததால் சிவப்பைப் பூட்டினேன். கோபுரம், மேகம் எல்லாம் அபாரம். ஆனால் வெளிமதிலில் இருந்த காவிக் கோடுகளைக் கண்ணாடி வெளுப்பாக்கிவிட்டது. மதில் ஒரே வெள்ளை. படம் வெளியான அன்று அந்தக் கோயில் முகாமையாளர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி, போன மாசம்தான் நாங்கள் மதிலுக்குப் பட்டை அடிச்சனாங்கள். நீங்கள் எந்த நேரம் வந்து வெள்ளை அடிச்சனீங்கள்?"

அன்றிலிருந்து எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் மூன்று விடயம் எழுத வேண்டும்: ஊர், நேரம், கண்ணாடி. அவரை ஜெயரட்ணம் சேர் என்போம். முன்பு மிசன் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர். அங்கிருந்து வரும்போது ஓரடி மர அடிமட்டம், அதாவது அளவுகோல், ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். படத்தை விரலால் தொடமாட்டார். அடிமட்டத்தின் நுனியால் தள்ளிப் பார்ப்பார். குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை. வெடி விழுந்த செய்தியோ பூசணிக்காய்க் கண்காட்சியோ, எதைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தினை மணி?"

நீர்வேலி மேகத்தை நான் எடுத்தது போர்நிறுத்தம் வந்து தெற்கே போகும் பாதை திறந்திருந்த ஆண்டுகளில். பிலிம் கிடைத்தது, ஆனாலும் பழைய பஞ்சத்தின் பழக்கத்தில் ஒரு காட்சிக்கு இரண்டு சொடுக்குக்கு மேல் நான் போவதில்லை. சூரியன் முதுகில், மேகம் முன்னால். சிவப்புக் கண்ணாடிக்கு மூன்று படி கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும், கொடுத்தேன். இரண்டு சொடுக்கு. மாரி வருகிறது என்று ஞாயிறு இதழில் போடுவதற்கான படம். அந்த ஞாயிறு விளம்பரம் அதிகம்; படம் கோப்புக்குள் போனது. முதுகில் எழுதியிருந்தேன்: நீர்வேலி, மு.ப. 7.20, சிவப்பு.

மூன்று கிழமை கழித்து, தோட்டக் கிணறுகள் உவராகி வருவது பற்றி ஒரு செய்திக் கட்டுரை வந்தது. நான் அப்போது இன்னொரு திருவிழாவுக்காக மறுபடி அளவெட்டியில் நின்றேன். பக்கம் கட்டிய உதவி ஆசிரியர் படம் தேடிக் கோப்பைத் திறந்திருக்கிறார். வெள்ளை வெளேரென்று ஒரு தோட்ட நிலம் இருந்திருக்கிறது. முதுகில் எழுதியிருந்ததை வாசித்தும் இருக்கிறார். ஊரின் பெயரை எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டையும் விட்டுவிட்டார். மூன்று பத்தி அகலத்தில் படம் வந்தது. கீழே: "உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும் தோட்ட நிலம். இடம்: நீர்வேலி."

அந்தப் பத்திரிகையை அளவெட்டியில் ஒரு தேநீர்க் கடையில் பார்த்தேன். மேகம் நன்றாக அச்சாகியிருந்தது. திருப்தியாக மடித்து வைத்தேன். கீழே இருந்த வாசகத்தை வாசிக்கவில்லை. இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் பலர் உதவி ஆசிரியரை மட்டும் ஏசினார்கள்.

அடுத்த நாள் ஒன்பதரை மணிக்கு ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். சாரம், வெள்ளைச் சேட், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, கக்கத்தில் எட்டாக மடித்த எங்கள் பத்திரிகை. பெயர் செல்லத்துரை. வாழைத் தோட்டக்காரர்.

"ஆர் இந்தப் படம் பிடிச்சது?"

"நான்தான் அண்ணை."

"இது என்ரை காணி. இரட்டைப் பனையும் பம்பறையும் இந்தக் குறிச்சியிலை வேறை ஒருத்தருக்கும் இல்லை. சின்னப் பிள்ளையும் சொல்லும்."

"ஓம்."

"என்ன ஓம்? எப்ப உப்புப் பூத்தது என்ரை காணியிலை?"

பையை அவிழ்த்து ஜெயரட்ணம் சேரின் மேசையில், அன்றைய முதற் பக்கப் படியின் மேல் கொட்டினார். மண். நல்ல நீர்வேலிச் செம்மண், மிளகாய்த்தூள் நிறத்தில். ஜெயரட்ணம் சேர் எழும்பவில்லை. அடிமட்டத்தின் நுனியால் மண்ணைக் கொஞ்சம் பிரித்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"எத்தினை மணி?"

"ஏழு இருபது சேர்."

"கண்ணாடி?"

"சிவப்பு."

"மண்?"

அது மேசையில் கிடந்தது.

பிறகுதான் செல்லத்துரை விடயத்துக்கு வந்தார். அவருடைய மூத்த மகள் வசந்திக்குக் கொக்குவிலில் சம்பந்தம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை வவுனியாவில் ஆசிரியர். எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், இன்னும் பன்னிரண்டு நாளில். சீதனமாக எழுதுவதாக ஒப்புக்கொண்ட காணி அதுதான். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. 'நீர்வேலியில் இரட்டைப் பனைக் காணி, பம்பறை உண்டு' என்று தரகர் சொன்னதோடு சரி. பத்திரிகை வந்த அன்று மத்தியானமே தரகர் வந்துவிட்டாராம்.

"எழுத்தைக் கொஞ்சம் தள்ளுவமாம். தள்ளுறதெண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியும்தானே மாஸ்ரர்? ரெண்டு பகுதியும் ஒருத்தரையொருத்தர் கோயிலிலை கண்டால் சிரிக்கிறதுக்கு வழி வைச்சிட்டுச் சம்பந்தத்தை விடுறது. என்ரை பிள்ளை நேற்றையிலை இருந்து ஒரு கதையும் இல்லை. சமைச்சு வைக்கிறாள், போறாள்."

ஜெயரட்ணம் சேர் தவறை ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் நேரம் எடுக்கவில்லை. "நாளைக்குத் திருத்தம் போடுறம்" என்றார். "ரெண்டாம் பக்கத்திலை, மரண அறிவித்தலுக்குப் பக்கத்திலை. ஆக்கள் தவறாமல் வாசிக்கிற இடம் அதுதான்."

அவர் நேர்மையாகத்தான் சொன்னார். செல்லத்துரை காலியான பையை மடித்தார்.

"என்ரை பிள்ளையின்ரை கலியாணக் கதையைச் செத்தவீட்டுக்குப் பக்கத்திலை போடப் போறியளோ?"

உதவி ஆசிரியர் எழுந்து வெளியே போனார்.

"படம் போட்டுத்தானே கெடுத்தனீங்கள்," என்றார் செல்லத்துரை. "படம் போட்டே திருத்துங்கோ. அதே பக்கம். அதே அளவு."

ஜெயரட்ணம் சேர் அடிமட்டத்தால் முதல் நாள் பத்திரிகையில் படத்தை அளந்தார். அகலம், உயரம் இரண்டையும் குறித்துக்கொண்டார். "சரி," என்றார்.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு நாங்கள் காணியில் நின்றோம். ஜெயரட்ணம் சேர் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் அடிமட்டத்தோடு வந்திருந்தார். அதுவரை அவர் படம் எடுக்கும் இடத்துக்கு வந்ததில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பழைய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, இடது பனை பம்பறை மூலையைத் தொடுகிற இடம் வரும்வரை என்னை வரம்பில் நடக்க விட்டார். இரண்டு முழம் முன்னால். அரை முழம் வலப்பக்கம். முக்காலியை ஊன்றினேன். வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. தட்டைத் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

செல்லத்துரை வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்திருந்தார். பம்பறைக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் தள்ள வேணும்," என்றேன்.

"ஏன், காணிக்காரன் நிக்கக் கூடாதோ?"

"ஆள் நிண்டால் அது விளம்பரம்," என்றார் ஜெயரட்ணம் சேர்.

ஏழு இருபதுக்குத் தொடங்கினேன். முதலில் கண்ணாடி இல்லாமல் ஒன்று. பிறகு மஞ்சள், செம்மஞ்சள், பச்சை, சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்து மாற்றினேன். ஜெயரட்ணம் சேர் குறிப்புப் புத்தகத்தில் வரிசை எழுதினார். ஏழு இருபத்தாறுக்கு முடிந்தது. ஐந்து சொடுக்கு, என் வழக்கத்துக்கு அது ஊதாரித்தனம்.

பிலிமைக் கழுவி, ஐந்து பிரதியையும் மத்தியானத்துக்கு முன் அவர் மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் நாள் கொட்டிய மண்ணை அவர் ஒரு சாம்பல் தட்டில் அள்ளி வைத்திருந்தார். அதைப் படங்களுக்குப் பக்கத்தில் நகர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கண்ணாடி இல்லாத படத்தில் செம்மண்ணும் பக்கத்து வாழையிலையும் ஏறத்தாழ ஒரே சாம்பல். எது மண், எது இலை என்று சொல்வது கடினம். மஞ்சளில் மண் இளஞ்சாம்பல். செம்மஞ்சளில் அதைவிட வெளிறல். சிவப்பில் உப்பளம். பச்சையில் மண் நனைந்த கோப்பித்தூள் போலக் கறுத்து, இலை வெளுத்து, காணி மிகவும் செழிப்பாக இருந்தது. உண்மையில் இருந்ததைவிடச் செழிப்பாக.

"இதிலை மண் எது?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை சேர்."

"பச்சையை மட்டும் போட்டால்?"

"அதுவும் பிழைதான். மற்றப் பக்கத்துக்குக் கூடிப்போச்சு."

அவர் சிவப்பையும் பச்சையையும் அடிமட்டத்தால் தனியே தள்ளினார். இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட முடிவெடுத்தார். வாசகத்தை அவரே எழுதினார்: "ஒரே காணி, ஒரே காலை. இடப்பக்கம் சிவப்புக் கண்ணாடி, வலப்பக்கம் பச்சைக் கண்ணாடி. மண்ணின் உண்மை நிறம் சிவப்பு. இக்காணியில் உப்புப் பூத்ததாக முன்னர் எழுதியது எமது தவறு."

வாசகத்தைக் கேட்கப் பின்னேரம் வந்த செல்லத்துரைக்கு அது போதவில்லை. "உப்பில்லை எண்டு ஒரு வரி போடுங்கோ மாஸ்ரர்."

"உப்பிருக்கெண்டு எழுதினது பிழை எண்டு போட்டிருக்கிறம்."

"அது வேறை. உப்பில்லை எண்டு போடுங்கோ."

"சோதிச்சது ஆர்?"

"நாங்கள் மூண்டு தலைமுறையா அந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறம்."

"அது உங்கடை வாக்கு. கமராவுக்கு உப்புத் தெரியாது."

செல்லத்துரை என் பக்கம் திரும்பினார். "இந்த மனிசன் கணக்கு வாத்தியார் எண்டது சரிதான்," என்றார். "விடை சரியாயிருந்தாலும் வழி காட்டாட்டில் புள்ளி இல்லை."

படங்கள் வெளியாகின. அதே பக்கம், அதே அளவு. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு பேர் பேசிய படம் வேறில்லை. பலர் திருத்தத்தை நம்பவில்லை. 'ஒரே மண்ணை வெள்ளையாகவும் காட்டுவினம், கறுப்பாகவும் காட்டுவினம், பிறகு சிவப்பு எண்டும் எழுதுவினம்' என்று முடிதிருத்தும் கடையில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். நான் கத்தரிக்குக் கீழே இருந்ததால் தலையை ஆட்டவில்லை.

மூன்றாம் நாள் செல்லத்துரையிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, அவையள் காணி பாக்க வாறினம். நீயும் வா."

"நான் என்னத்துக்கு அண்ணை?"

"உன்ரை படத்தாலைதானே வாறினம். வந்து நில்."

போனேன். காலை எட்டு மணி. கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். கொக்குவிலில் இருந்து மாப்பிள்ளையின் தகப்பன் நடராசா, கூட ஒரு உறவினர், தரகர். நடராசா உயரமான, மெலிந்த மனிதர். பத்திரிகையை நான்காக மடித்துச் சேட் பைக்குள் வைத்திருந்தார். பனையை எண்ணினார். இரண்டு. பம்பறைக் கதவைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு பத்திரிகையை விரித்து, இடப்பக்கப் படத்தையும் நிலத்தையும் பார்த்தார். வலப்பக்கப் படத்தையும் நிலத்தையும் பார்த்தார்.

"இவர்தானோ படம் பிடிச்சவர்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஓம்," என்றார் செல்லத்துரை. அந்த ஒரு சொல்லை அவ்வளவு வெறுப்போடு நான் கேட்டதில்லை.

நடராசா குனிந்து உழவுக் கட்டி ஒன்றை எடுத்து உடைத்தார். உள்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்துத் தோட்டத்தில் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்த ஒருவரும் மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் பார்த்தார். நடராசா துப்பினார். காணியின் மற்ற மூலைக்கு நடந்துபோய் இன்னொரு சிட்டிகை. துப்பினார். அதற்குப் பிறகு கிணற்றடிக்கு வந்தார். வசந்தி வீட்டுப் பக்கமிருந்து செம்பு கொண்டுவந்திருந்தாள். ஒல்லியான பெண்; எவரையும் பார்க்கவில்லை, எவரையும் பார்க்காமல் இருக்கவும் இல்லை. தானே வாளியை விட்டு அள்ளி, செம்பை நிறைத்துக் கொடுத்தாள்.

அவர் ஒரு மிடறு குடித்துக் கொப்பளித்துத் துப்பினார். இன்னொரு மிடறு விழுங்கினார். பிறகு செம்பை அண்ணாந்து முழுவதையும் குடித்து முடித்தார்.

"நல்ல தண்ணி," என்றார்.

தரகர் மூச்சு விட்டது கேட்டது.

நடராசா என்னிடம் வந்தார். "நாக்குக்குக் கண்ணாடி பூட்டேலாது, என்ன தம்பி?"

"ஏலாது ஐயா."

"அது நல்லம்." திரும்பிச் செல்லத்துரையிடம், "கதலியோ இதிலை வைச்சனீங்கள், இதரையோ?" என்று கேட்டார். அவர்கள் வாழைக் கதைக்குப் போய்விட்டார்கள். எழுத்தைத் தள்ளுவது பற்றி எவரும் பேசவில்லை. அது சொன்ன நாளிலேயே நடந்தது.

நான் புறப்பட்டு மோட்டார் சைக்கிளை உருட்டும்போது வசந்தி வேலியோரம் வந்தாள்.

"அண்ணை, அந்த முதல் படம் ஒரு கொப்பி தருவியளோ?"

"எது? பச்சையோ?"

"இல்லை. முதல் வந்தது. வெள்ளை மண்."

எனக்கு விளங்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"மேகம் நல்லாயிருக்கு," என்றாள். "அண்டைக்கு நான் கிணத்தடியிலை பாத்திரம் மினுக்கிக்கொண்டு நிண்டனான். நிமிந்து பாக்கேல்லை."

பெரிதாக ஒரு பிரதி போட்டு, முதுகில் ஊரும் நேரமும் கண்ணாடியும் எழுதி அனுப்பினேன். கலியாணத்துக்கு அழைப்பு வந்தது. அழைப்பிதழோடு செல்லத்துரையின் தகவலும் வந்தது: வந்து சாப்பிட்டுவிட்டுப் போகவும், சிவப்புக் கண்ணாடியைக் கொண்டுவர வேண்டாம், கூறைச்சேலை வெள்ளையாக வந்தால் அதற்கும் ஒரு திருத்தம் போட வேண்டிவரும். கலியாணப் படங்கள் அப்போது கலரில்தான் எடுத்தார்கள் என்று அவருக்கும் தெரியும்.

ஜெயரட்ணம் சேர் அதற்குப் பிறகு சட்டத்தில் ஒரு விடயம் கூட்டினார். ஊர், நேரம், கண்ணாடி, நிலத்தின் நிறம். நான் ஓய்வு பெறும்வரை நான்கையும் எழுதினேன். பத்திரிகை முழுக்கக் கலருக்கு மாறிய பிறகும் எழுதினேன். கை அப்படியே பழகிவிட்டது.

கண்ணாடி வாங்கக் கேட்ட அந்தப் பத்திரிகையாளருக்கு இரண்டு மாதத்துக்கு முன் பதில் எழுத உட்கார்ந்தபோது, மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு எழுதலாம் என்று தோன்றியது. ஒரு சுருள் பிலிமும் பச்சைக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன். ஏழு மணி பத்து. இரட்டைப் பனையில் ஒன்று தலையில்லாமல் நின்றது. காணியின் ஒரு மூலையில் வசந்தி வீடு கட்டியிருந்தாள். என்னை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டாள். முன் விறாந்தைச் சுவரில், தகப்பனின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், அந்த மேகம் சட்டம் போட்டுத் தொங்கியது. வெள்ளை நிலம், கறுத்த வானம்.

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வாயில் வைக்கப் போனேன்.

"பயப்படாமல் குடியுங்கோ அண்ணை, போத்தில் தண்ணி," என்றாள். "கிணறு ரெண்டு வருசமா உவர். வாழைக்குக்கூட விடேலாது."

குடித்துவிட்டு வெளியே வந்து முக்காலியை ஊன்றினேன். மேகம் இருந்தது. குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: நீர்வேலி, மு.ப. 7.40, பச்சை. நிலத்தின் நிறம் சிவப்பு.